திரும்பி வருவதற்கு ஜாமீன்

மூத்தவள் திட்டி முடித்துவிட்டாள். இளையவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பதில் சொல்ல வருகிறாள். அந்த இடத்தில் ஏடு தீர்ந்துபோகிறது.

தஞ்சாவூரில் ஒரு சுவடி நூலகத்தில் ஓலைகளைப் படித்து, இன்ன நூல், இன்ன நிலையில் இருக்கிறது என்று விவரம் எழுதிவைப்பது என் வேலை. மேலே சொன்ன சண்டை ஒரு பள்ளுப் பாட்டில் வருவது. பள்ளு என்றால் எல்லாவற்றிலும் ஒரே கதைதான். உழவன் ஒருவன், அவனுக்கு இரண்டு மனைவிகள், அதட்டுவதற்கு ஒரு பண்ணைக்காரர். நடுவில் மழை பெய்யும், ஆறு புரண்டு வரும், நெல் வகையும் மாட்டு வகையும் பக்கம் பக்கமாக வரும். கடைசியில் பெண்கள் இருவரும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு, பிறகு ராசியாகிவிடுவார்கள். எங்களிடம் இருந்த பள்ளு எந்த ஊருடையது என்றே தெரியவில்லை. முதல் ஏடுகளும் இல்லை. ஆனால் அதைப் பாடியவருக்கு நாக்கு நீளம். "குடிக்கத் தண்ணியில்லாத ஊரிலிருந்து காலிக் குடத்தோடு வந்து என் புருஷனைப் பிடித்தவள்தானே நீ" என்று மூத்தவள் ஆரம்பித்துப் பாட்டுக்குப் பாட்டு வெளுத்து வாங்குகிறாள். அதற்கு இளையவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

நூலகத்தில் என் மேலதிகாரி சிரிப்பார். "எப்படியும் கடைசியில ராசியாயிடப் போறாங்க சார். விடுங்க" என்பார். ராசியாவது ஊருக்கே தெரியும். நேரில் நின்று அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டவள் என்ன பதில் சொன்னாள் என்பதல்லவா விஷயம். இதை அவரிடம் விளக்க முயன்று விட்டுவிட்டேன்.

எனக்கு வேறு சண்டை எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பாபநாசத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போனதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது; ஒவ்வொரு வருஷமாகத் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் கேட்கிறவர்கள் நின்றுவிட்டார்கள். காலையில் பஸ், மதியம் மெஸ், சாயங்காலம் பஸ். சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரிடமும் பேசாமலிருந்துவிட்டு, திங்கட்கிழமை கண்டக்டரிடம் "தஞ்சாவூர் ஒண்ணு" என்று சொல்லும்போது தொண்டை கரகரக்கும். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அண்ணன் இருக்கிறார். அம்மா போன பிறகு என் பங்கு வயலையும் வீட்டையும் அவர் பேருக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயலில் இறங்கத் தெரியாதவனுக்கு வயல் எதற்கு. எங்களுக்குள் மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. பொங்கலுக்குப் போவேன், சாப்பிடுவேன், நாலு மணி வண்டிக்குக் கிளம்பிவிடுவேன்.

இந்த நிலையில்தான் வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து சுவடிகளைப் படம் எடுக்கும் திட்டம் வந்தது. ஐரோப்பாவின் வடக்கே ஒரு நகரத்திலிருந்து கேமராவும் விளக்கும் அனுப்பினார்கள். ஏடு ஏடாக இரண்டு பக்கமும் படம் எடுத்து நாங்கள் இணையத்தில் ஏற்ற வேண்டும். அவர்களிடம் உள்ள தமிழ்ச் சுவடிகளின் படங்களை அவர்கள் ஏற்றுவார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே தமிழ் படித்த ஓர் அம்மையார் இருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். ஒவ்வொரு வியாழக்கிழமையும் மதியம், அவர்களுக்கு அது காலை, கணினியில் இருவரும் உட்கார்ந்து படித்ததை ஒப்பிட்டுப் பார்ப்போம். நான் ஒரு வரி வாசிப்பேன். அவர் "சரி" என்பார். அடுத்த வரி. "சரி." வேறுபாடு இருந்தால் மட்டும் "நிற்க" என்பார். அவர் தமிழில் புத்தக வாசனை அடிக்கும். குடும்பம், உடம்பு, வீடு என்று எதையும் அவர் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் ஒரு மனிதர் நான் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் சரி என்று சொல்லிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது, நடுவில் இரண்டு வாரம் அவர் விடுமுறையில் போனபோதுதான் தெரிந்தது. அந்த வியாழக்கிழமைகளில் கணினிக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை அவர் வழக்கத்துக்கு மாறாகப் படபடப்பாக வந்தார். "ஐயா, உங்கள் பள்ளின் மிச்சம் எங்களிடம் இருக்கிறது" என்றார்.

கையெழுத்து ஒன்றுபோல இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவர் காட்டியது பூச்சி துளைத்த ஓட்டையை. ஓலைக் கட்டில் பூச்சி புகுந்தால் ஏடு ஏடாகத் துளைத்துக்கொண்டு ஒரே போக்கில் போகும். எங்கள் கட்டின் கடைசி ஏட்டில் எந்த இடத்தில் ஓட்டை இருந்ததோ, அவர்கள் கட்டின் முதல் ஏட்டில் அதே இடத்தில், அதே அளவில் தொடர்ந்தது. ஏதோ ஒரு காலத்தில் யாரோ கட்டைப் பிரித்துப் பாதியைக் கப்பலேற்றியிருக்கிறார்கள். முழு நூலும் தெரிந்த ஆள் அந்தப் பூச்சி ஒன்றுதான். நான் இதைச் சொன்னதும் அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு சிரித்தார்.

ஆனால் படங்களைத் திறந்தால் ஒன்றுமில்லை. வெறும் மஞ்சள் ஓலை. நம் பக்கத்தில் எழுத்தாணியால் கீறிய பிறகு விளக்குக் கரியையும் எண்ணெயையும் குழைத்துத் தடவுவார்கள். கரி கீறலில் இறங்கி எழுத்துக் கறுப்பாகத் தெரியும். அங்கே பழைய காலத்தில் இருந்த யாரோ புண்ணியவான் அதை அழுக்கு என்று நினைத்து, ஒவ்வோர் ஏடாகத் துடைத்துப் பளிச்சென்று வைத்துவிட்டார். அவ்வளவு அக்கறை. மறுபடி மை தடவ அவர்கள் விதி இடம் தராது. தரக்கூடாது என்பதுதான் சரியும்கூட. எழுத்து என்னவோ இருக்கிறது, கீறலாக. அதைப் படிக்க ஏட்டைக் கையில் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். ஒரு சாய்வில் ஓர் எழுத்துத் தெரியும், அடுத்தது மறைந்துவிடும். அம்மையார் கேமராவுக்கு முன் ஏட்டைச் சாய்த்துப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று நான் இங்கிருந்து கத்துவேன். கண் கூசியதுதான் மிச்சம்.

"நீங்கள் இங்கே வந்துவிடுங்கள் ஐயா" என்றார் அவர். "அடுத்த கோடையில் நான் ஓய்வு பெறுகிறேன். எனக்குப் பிறகு இங்கே தமிழுக்கு யாரையும் நியமிப்பதாக இல்லை. கட்டைப் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுபோய்விடுவார்கள்."

அழைப்பு வந்தது. பயணச் செலவு அவர்களுடையது. நான் எடுக்க வேண்டியது விசா ஒன்றுதான். அலுவலகத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். அந்த வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

விசா மறுக்கப்பட்டது. காரணத்தை அவர்கள் பாஷையில் சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தார்கள். சாரம் இதுதான்: நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று எங்களால் நம்ப முடியவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் குளிரில் போய் ஒளிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன், தட்டுக் கழுவப் போகிறேனா? என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்து ஏட்டை வைத்துக்கொண்டு, அதைப் படிக்க வருகிறவனைத் திருடனைக் கேட்பதுபோல் கேட்கிறார்களே என்று பஸ்ஸில் உட்கார்ந்து தானாகப் பேசிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட், விசா வேலைகள் பார்க்கும் ஒரு டிராவல்ஸ்காரரிடம் போனேன். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை அனுப்பியவர் அவர். என் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"சார், வயல் ஏதாச்சும் உங்க பேர்ல இருக்கா?"

"இல்ல."

"வீடு?"

"வாடகை."

"வீட்ல?"

"யாரும் இல்ல."

"அப்பா, அம்மா? புள்ளகுட்டி? தத்து கித்து?"

"இல்லங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். நீங்க திரும்பி வருவீங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு எதைக் காட்டுறது? கூடப் பொறந்தவங்க யாராச்சும் ஒரு அஃபிடவிட் குடுத்தா பரவால்ல. இவரு எங்க வீட்ல ஒருத்தரு, குறிச்ச தேதியில வந்துடுவாரு, நாங்க எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம்னு."

அண்ணனிடம் போய்க் கேட்பது எனக்குக் கசந்தது. பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன், இப்போது நான் உங்கள் வீட்டு ஆள் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்பதா? ஆனால் இளையவள் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள். போனேன்.

சம்பா நடவு நேரம். அண்ணன் முழங்கால் வரை சேற்றோடு வரப்பில் ஏறி வந்தார். வாய்க்கால் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ஒரு பழைய சண்டைக்குப் பதில் தெரிந்துகொள்ளக் கடல் தாண்டிப் போகப்போகிறேன் என்பது அவருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும், சொல்லவில்லை.

"கையெழுத்துத்தான? போட்டாப் போச்சு" என்றார்.

அண்ணி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தார். "இருந்து சாப்புட்டுப் போங்க தம்பி" என்றார். நாலு மணி வண்டி என்றேன்.

ஆனால் அண்ணனுக்குப் பத்திரம் என்றால் பயம். எங்கள் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்குமே அப்படித்தான். வாய்ப் பேச்சில் ஒரு போகத்துக் குத்தகையை முடித்துவிடுவார்கள், முத்திரைத் தாளைக் கண்டால் ஒதுங்கிப்போவார்கள். தஞ்சாவூர் கோர்ட்டுக்கு வெளியே நோட்டரி வக்கீலின் மேசையில், ராகு காலம் கழியட்டும் என்று காக்க வைத்தார். பிறகு வாசகத்தை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். 'மேற்படி என் தம்பி எங்கள் குடும்பத்துடன் வசித்து வருகிறார்' என்ற இடத்தில் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். 'குறித்த தேதியில் திரும்பி வருவதற்கு நானே பொறுப்பு' என்ற இடத்தில் வக்கீலை நிறுத்தினார்.

"அப்படின்னா நான் ஜாமீன் மாதிரிங்களா?"

"அப்படித்தான்னு வச்சுக்குங்க" என்றார் வக்கீல், அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே.

அண்ணன் கிழக்கே பார்த்து நகர்ந்து உட்கார்ந்து, நெற்றியில் இருந்த விபூதியை ஒருமுறை தொட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். தனக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுபடி விண்ணப்பித்தேன். இந்தத் தடவை நேரில் கூப்பிட்டார்கள். சென்னையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். உங்களுக்காக ஊரில் யார் காத்திருப்பார்கள் என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது, பொய் சொல்லும்போது ஒட்டுவதுபோல. அவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தெருவில் ஆட்கள் இருப்பார்கள், சத்தம் இருக்காது. பாபநாசத்தில் நான் இருக்கிற இருப்புக்கு இந்த ஊர் பொருத்தம்தான் என்று முதல் நாளே தோன்றியது. தோன்றியதும் திரும்பும் டிக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மையார் திரையில் தெரிந்ததைவிட உயரம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முகமும் ஏட்டைப் பிடிக்கும் விரல்களும்தான். வாசிப்பு அறையில் வெளியாள் தனியாக ஏட்டைத் தொடக்கூடாது என்பதால், ஏட்டை அவர் ஏந்திக்கொள்ள, சிறு விளக்கை நான் தாழ்வாகப் பிடித்துக்கொண்டேன். அவர் சாய்ப்பார். எழுத்து ஒன்று நிழலில் எழுந்து நிற்கும். நான் கிசுகிசுப்பாக வாசிப்பேன். அவர் "சரி" என்று எழுதிக்கொள்வார். ஒரு பாட்டுக்கு ஒரு காலை நேரம் போனது.

இளையவள் பேசினாள். பொடி வைத்துத்தான் பேசினாள். தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து வந்தவள்தான் நான், அதனால் ஒரு குடம் போதும் எனக்கு. நீ ஆற்றங்கரையில் பிறந்து ஆற்றையே குடித்தும் இன்னும் தாகம் என்கிறாயே, அந்தத் தாகத்துக்குப் பயந்துதான் அவன் என் வீட்டுக்கு ஓடி வந்தான் என்றாள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த அறையில் சிரிக்கக் கூடாது. அம்மையாருக்கு அர்த்தம் மெல்ல ஏறியது. ஏறியதும் அவர் ஏட்டைப் பத்திரமாக ஏடு வைக்கும் சிறு மெத்தையில் வைத்துவிட்டு, கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அபூர்வம்.

சமாதானமாகும் இடம் கிடைக்கவில்லை. அந்த ஏடுகள் அங்கேயும் இல்லை. கிடைத்த வரைக்கும் படித்து முடித்தோம். கடைசி நாள் அவர் என்னை ரயிலடி வரை கொண்டுவந்து விட்டார். இரண்டு பாதியும் கணினியில் இனி ஒன்றாக இருக்கும் என்றார். வியாழக்கிழமையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கைகூப்பினார். ரயில் கிளம்பிய பிறகு எனக்கு யாரோ இறந்துபோய்விட்டதுபோல் இருந்தது.

விமானம் திருச்சியில் இறங்கியபோது காலை. வளைகுடாவிலிருந்து வந்த பையன்களை அழைத்துப் போகக் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். யாரோ என் தோளைத் தொட்டார்கள். அண்ணன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் அந்தப் பத்திரத்தின் நகல்.

"ஏண்ணே இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஜாமீன் போட்டிருக்கேன்ல. ஆளை ஒப்படைக்கணும்ல."

"யார்கிட்ட?"

"அதான் தெரியல. வாசல்ல துப்பாக்கி வச்சிருக்கவர்கிட்ட காட்டுனேன். அதெல்லாம் வேணாம், போய் ஓரமா நில்லுங்கன்னுட்டாரு" என்றார். தேதி தவறாமல் வந்துவிட்டேனா என்று தாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

ஜங்ஷனுக்கு டவுன் பஸ் பிடித்து வந்து, தஞ்சாவூர் வழியாகப் போகும் பாசஞ்சர் வண்டியில் ஏறினோம். டிக்கெட் அவர்தான் எடுத்தார். எனக்குப் பாபநாசத்துக்கு எடுக்கச் சொல்லியிருந்தேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். என்ன சாப்பிட்டாய், குளிரா என்று கேட்டார். இளையவளின் பதிலைச் சொல்லலாமா என்று நினைத்தேன்; அண்ணனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. திருவெறும்பூர் தாண்டும்வரை இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

"ஒண்ணு சொல்லட்டுமாடா?" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"கையெழுத்து போட்டுட்டு வந்த அன்னைக்கே உங்க அண்ணிகிட்ட சொன்னேன். அவன் திரும்பி வரமாட்டான்னு."

"ஏண்ணே?"

அவர் துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார்.

"வர்றதுக்கு உனக்கு இங்க என்ன இருக்குன்னு உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆப்புடல. அந்த ஆபீசருங்க கேட்டதுல தப்பே இல்லன்னு பட்டுச்சு. நடவு நட்டுக்கிட்டே அதே நெனப்பு. நீ வரலன்னா என்னைப் புடிச்சுக்கிட்டுப் போவாங்கன்னு பயமில்லடா. வரலன்னா, வராம இருந்தது சரிதான்னு எனக்கே தோணிடுமோன்னு பயம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் நாலு மணி வண்டிக்கு நான் கிளம்பும்போதெல்லாம் இவர் வாசலில் நின்றுகொண்டு இதைத்தான் யோசித்திருக்கிறார் என்று புரிந்தது. யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்த என் தனிமை அண்ணனுக்கு முழுக்கத் தெரிந்திருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வெளியே பார்த்தேன், நட்ட வயல்கள் பச்சை பிடித்திருந்தன.

எங்கள் ஊருக்கு இறங்கும் பூதலூர் நெருங்கி, வண்டி வேகம் குறைந்தது. அண்ணன் எழுந்து பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்தார். இரண்டுமே பூதலூருக்குத்தான் இருந்தன. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். போகவில்லை. பிளாட்பாரத்தில் பெட்டியோடு நின்று, நான் இறங்குகிறேனா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கினேன்.